மைதானத்திலிருந்து கமெராவுக்கு: மட்டக்களப்பு, அம்பாறை வீரர்களுக்கான நடிப்புத்துறை வழிகாட்டி

வெபர் மைதானத்தில் ஓடுகிறவர், கல்முனையில் உதைபந்தாடுகிறவர், அறுகம்பையில் அலைச்சறுக்குகிறவர் என்று யாராக இருந்தாலும், சினிமாவுக்கோ தொலைக்காட்சி நாடகத்துக்கோ போக நினைத்தால் முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். விளையாட்டு உங்களுக்கு நல்ல உடலைத் தந்திருக்கிறது. அதே விளையாட்டு முகத்தைப் பூட்டி வைக்கவும் பழக்கியிருக்கிறது. வலித்தாலும் காட்டாதே, களைத்தாலும் எதிராளிக்குத் தெரியவிடாதே என்று பத்து வருடம் பயிற்றுநர் சொன்னது தாடையிலும் கண்ணிலும் படிந்திருக்கும். நடிப்பு கேட்பது அதற்கு நேர்மாறானதை. உடலால் கிடைக்கும் வேடம் ஒன்றிரண்டுதான். மூன்றாவது வேடம் முகத்தைத் திறக்கத் தெரிந்தவருக்கே கிடைக்கும். இந்த வழிகாட்டியில் பயிற்சிக்கு அதிக இடம் ஒதுக்கியிருப்பது அதனால்தான்.

முன்னே போனவர்களின் பாதை

ஜொனி வைஸ்முல்லர் 1924, 1928 ஒலிம்பிக்கில் நீச்சலில் 5 தங்கம் வென்றவர். 1932இல் டார்சானாகத் திரையில் வந்தார். வசனம் குறைவு, உடல் முழுக்க வேலை. இந்தியாவில் மல்யுத்த வீரர் தாரா சிங் 1987இல் தொடங்கிய தூர்தர்ஷன் இராமாயணத் தொடரில் அனுமனானார். 1966, 1970 ஆசிய விளையாட்டுகளில் தட்டெறிதலில் தங்கம் வென்ற பிரவீன் குமார் சோப்தி, மகாபாரதத் தொடரில் பீமனானார். தமிழில் ரித்திகா சிங் நிஜமாகவே களத்தில் மோதிய கிக்பொக்சிங் வீராங்கனை. முதற்படத்தில் குத்துச்சண்டைக்காரியாக நடித்தார், தேசிய விருதுக் குழுவின் சிறப்புக் குறிப்பும் கிடைத்தது.

இவர்கள் எல்லோருக்கும் முதல் வாசல் உடல்தான். பிரெஞ்சு உதைபந்து வீரர் எரிக் கன்டோனா கொஞ்சம் வேறு மாதிரி. 1997இல் 30 வயதில் உதைபந்தை விட்டவர், அடுத்த வருடம் வெளியான ஆங்கில வரலாற்றுப் படமொன்றில் பிரெஞ்சுத் தூதுவராக வந்தார். அந்த வேடத்தில் பந்துக்கு வேலையே இல்லை. முதல் வேடம் உங்கள் விளையாட்டோடு ஒட்டியதாக இருக்கட்டும், தவறில்லை. இரண்டாவதையோ மூன்றாவதையோ வேண்டுமென்றே விளையாட்டு இல்லாததாகத் தேடுங்கள். இல்லாவிட்டால் "அடியாள் நம்பர் நாலு" என்ற இடத்திலேயே வயது போய்விடும்.

படி 1: விளையாட்டை விடாமல் தொடங்குங்கள்

ஓய்வு அறிவித்துவிட்டு நடிக்க வருவது பெரும்பாலும் பிழையாகப் போகிறது. போட்டி நடக்கும் காலத்தில் உங்கள் பெயருக்கு இருக்கும் மதிப்பு, விட்ட அடுத்த வருடம் பாதியாகிவிடும். கிழக்கில் இதற்கு நல்லதொரு வசதி உண்டு. ஐப்பசி தொடங்கித் தை வரைக்கும் வாடைமழை. மைதானங்களில் தண்ணீர் நிற்கும், வெளிப்பயிற்சி குறையும். அந்த மாதங்களை நடிப்புப் பயிற்சிக்கு ஒதுக்குங்கள். மாசி, பங்குனியில் மைதானத்துக்குத் திரும்பலாம். இப்படி இரண்டு மாரி பழகினாலே இந்தத் தொழில் உங்களுக்குப் பொருந்துமா என்று உங்களுக்கே விளங்கிவிடும்.

கைவசம் ஆறு மாதச் செலவுக்காவது காசு இருக்க வேண்டும். நடிப்பில் சம்பளம் மாதம் மாதம் வராது, வருகிற காசும் பிந்தித்தான் வரும். உடற்கல்வி ஆசிரியர், விளையாட்டு உத்தியோகத்தர் என்று அரச சேவையில் இருப்பவர்கள், சம்பளத்துக்கு நடிக்கப் போகுமுன் அரச ஊழியருக்கான தாபன விதிக்கோவைப்படி திணைக்களத் தலைவரிடம் எழுத்தில் அனுமதி எடுக்க வேண்டும். "லீவு போட்டுவிட்டுப் போய்வரலாம்" என்று போனால், நாடகம் ஒளிபரப்பாகும் நாளில் அலுவலகத்துக்கு விளக்கம் எழுத வேண்டி வரும். அனுசரணையாளரோடு ஒப்பந்தம் இருந்தால் அதையும் ஒருதரம் வாசியுங்கள். வேறு வணிக நிறுவனத்தின் விளம்பரத்தில் முகம் காட்டக்கூடாது என்ற நிபந்தனை அதில் இருக்கக்கூடும்.

படி 2: முகத்தைத் திறக்கும் பயிற்சி

போனை கண் மட்டத்தில், ஒரு மீட்டர் தள்ளி வையுங்கள். நீங்கள் கதிரையில் இருங்கள். நண்பர் ஒருவர் கமெராவுக்குப் பக்கத்தில் இருந்து ஏதாவது கடிதத்தையோ செய்தியையோ வாசிக்கட்டும். நீங்கள் மூன்று நிமிடம் கேட்டால் மட்டும் போதும், நடிக்க வேண்டாம். பிறகு சத்தத்தை நிறுத்திவிட்டு அந்த வீடியோவைப் பாருங்கள். வீரர்களின் முகத்தில் அநேகமாக மூன்று விஷயம் தெரியும். காதுக்குக் கீழே தாடைத்தசை புடைத்திருக்கும். மூச்சு மேல்நெஞ்சில் நிற்கும். கண் இமைக்காமல் ஒரே இடத்தில் குத்தி நிற்கும். போட்டி தொடங்குமுன் உடல் தானாக எடுக்கும் நிலை இது. கிட்டக் காட்சியில் (குளோஸ்-அப்) பார்ப்பவருக்கு இது கோபம் போலத் தோன்றும். நீங்கள் கவலையை நினைத்திருப்பீர்கள், திரையில் முறைப்பு நிற்கும்.

இதற்கு மருந்து எளியது, ஆனால் நாள்தோறும் செய்ய வேண்டும். வாயை அகலத் திறந்து ஐந்து கொட்டாவி. நாக்கை வெளியே நீட்டிப் பத்து விநாடி. உள்ளங்கையின் அடிப்பகுதியால் தாடைத்தசையை மேலிருந்து கீழாக ஒரு நிமிடம் தேய்த்தல். பின்னர் நிலத்தில் மல்லாந்து கிடந்து, வயிறு உயரும்படி மூச்சு. இதன்பின் அதே மூன்று நிமிடப் பயிற்சியைத் திரும்ப எடுங்கள். சத்தமில்லாத வீடியோவை உங்களை அறியாத ஒருவரிடம் காட்டி, "இவருக்கு மனதில் என்ன ஓடுது?" என்று கேளுங்கள். அவர் சரியாகச் சொல்லும் வரைக்கும் வசனப் பயிற்சிக்குப் போக வேண்டாம்.

படி 3: கூத்து, குரல், வசனம்

மட்டக்களப்பில் பிறந்த வீரருக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் நடிப்புப் பள்ளி கூத்துக்களரி. வடமோடி ஆட்டத்தில் தாளக்கட்டுக்கு ஆடிக்கொண்டே பாட வேண்டும். மூச்சையும் காலையும் சொல்லையும் ஒன்றாகக் கட்ட அதைவிட நல்ல பயிற்சி கிடைக்காது. சட்டம் கொடுத்ததிலிருந்து (பாத்திரங்களைப் பிரித்துக் கொடுக்கும் நாள்) அரங்கேற்றம் வரைக்கும், கூத்துப் பழக்கும் அண்ணாவியாரிடம் ஒரு கூத்துப் பழகினால், திருத்தம் வாங்கும் பொறுமையும் சேர்ந்து வரும். சீலாமுனை போன்ற ஊர்களில் இப்போதும் கூத்து உயிரோடு இருக்கிறது. முறையாகப் படிக்க விரும்புகிறவர்களுக்குக் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் கல்லடியில் இருக்கிறது. நாடகமும் அரங்கியலும் அங்கே பட்டப்படிப்பாக உண்டு. பட்டப்படிப்புக்குப் போக முடியாதவர்கள் அங்கே மாணவர் போடும் நாடகங்களையாவது போய்ப் பார்க்கலாம், பழக்கம் பிடிக்கலாம்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். கூத்தின் அளவு வட்டக்களரியின் கடைசி வரிசையில் இருப்பவருக்கானது. கமெரா ஒரு முழத்தில் நிற்கும். களரியில் புருவம் ஏறும் உயரத்தில் பத்தில் ஒரு பங்கு ஏறினாலே கிட்டக் காட்சியில் போதும். ஒரே வரியை மூன்று அளவில் பழகுங்கள்: மைதானத்தின் அடுத்த கரைக்கு, அறையின் மற்ற மூலைக்கு, பக்கத்துக் கதிரைக்கு. திரைக்கு வேண்டியது பெரும்பாலும் மூன்றாவது.

மைதானத்தில் கத்திப் பழகிய தொண்டை சீக்கிரம் கரகரக்கும். அணித்தலைவர்களுக்கும் பயிற்றுநர்களுக்கும் இது இன்னும் அதிகம். டப்பிங்கில் ஒரே வரியை இருபது தரம் சொல்ல நேர்ந்தால் குரல் அடைத்துவிடும். அதனால் குரல் வேலைக்கு இரண்டு நாள் முன்பே கத்துவதை நிறுத்துங்கள், தண்ணீர் குடியுங்கள்.

வசனம் பாடமாக்க வீரர்களுக்குத் தனி வழி இருக்கிறது. முதலில் உணர்ச்சி எதுவும் போடாமல், வெறும் சொல்லாகக் கையால் எழுதிப் பாடமாக்குங்கள். பிறகு சுவரில் பந்தடித்துப் பிடித்துக்கொண்டே சொல்லுங்கள். கரப்பந்துக்காரர் சுவரில் விரல் தட்டலாம், உதைபந்துக்காரர் பந்தை ஏந்தலாம். பந்து தவறாமல் வசனமும் தவறாமல் மூன்று சுற்று வந்தால்தான் அது மனதில் ஏறியிருக்கிறது. அதற்குப் பிறகே உணர்ச்சி. தொடக்கத்திலேயே ஏற்ற இறக்கத்தோடு பாடமாக்கினால் அந்த இராகம் ஒட்டிக்கொள்ளும். இயக்குநர் "வேறு மாதிரிச் சொல்லுங்க" என்றால் வாய் திரும்பாது.

பேச்சுத்தமிழும் இங்கே ஒரு வேலை. "மறுகா வாறன்", "கிறுகிப் பார்" என்ற நம் பேச்சு நம் மண் கதைகளுக்குப் பெரிய சொத்து, அதை மழித்துவிட வேண்டாம். ஆனால் யாழ்ப்பாணத் தமிழும் சென்னைத் தமிழும் தலா பத்து நிமிடம் தடையில்லாமல் பேச வர வேண்டும். கொழும்பில் எடுக்கப்படும் தொடர்களில் பெரும்பகுதி சிங்களம். சிங்களம் நன்றாகப் பேசுகிற தமிழ் அல்லது முஸ்லிம் நடிகருக்கு வாய்ப்பின் பரப்பே மாறிவிடும். ஆகவே சிங்கள வகுப்புக்குச் செலவழிக்கும் காசு வீண் போகாது.

படி 4: படமும் ஒரு பக்கக் குறிப்பும்

மூன்று படம் போதும்: முகம் மட்டும், இடுப்பு வரை, முழு உருவம். காலை எட்டரை மணிக்கு முன் அல்லது நிழலான விறாந்தையில், சாதாரண நிறச் சட்டையோடு. முகத்தை வெளுப்பாக்கும் செயலியைத் தொடவே வேண்டாம். நேரில் வருகிறவரும் படத்தில் இருப்பவரும் வேறாகத் தெரிந்தால் அந்த இடத்திலேயே வாய்ப்பு முடிந்துவிடும். பதக்கங்களைக் கழுத்தில் போட்ட படம் பத்திரிகைக்குப் பொருந்தும், இங்கே வேண்டாம். விளையாடும்போது எடுத்த நல்ல படம் ஒன்றை நாலாவதாகச் சேர்க்கலாம்.

குறிப்பில் உயரம் சென்ரிமீட்டரில், எடை, வயது எல்லை, பேசும் மொழிகள், விளையாடிய மட்டம் (வலயம், மாகாணம், தேசியம்) இருக்கட்டும். பிறகு வருவதுதான் முக்கியம்: உடலால் செய்யக்கூடிய வேலைகளின் பட்டியல். நீச்சல், தோணி வலித்தல், தென்னை ஏறுதல், மோட்டார் சைக்கிள் உரிமம், சிலம்பம், சீனடி, கபடி, எல்லே, அலைச்சறுக்கு. தெரியாததைத் தெரியும் என்று எழுதாதீர்கள். வாவியில் தோணி வலிக்கும் காட்சியில் அது அரை நிமிடத்தில் வெளிச்சமாகிவிடும்.

படி 5: வீட்டிலிருந்தே தேர்வு வீடியோ

கொழும்பிலோ சென்னையிலோ இருப்பவர் உங்களை முதலில் பார்ப்பது இதில்தான்.

போனைக் கிடையாகப் பிடியுங்கள். பின்பக்கக் கமெரா, 1080 தரம், விநாடிக்கு 25 சட்டகம் (பிரேம்). நம் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். ரியூப் லைட்டின் கீழ் 30 சட்டகத்தில் எடுத்தால் படம் துடிக்கலாம். ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 விநாடியில் நிறுத்தினால் துடிப்பு போகும். போனில் அந்த வசதி இல்லாவிட்டால் யன்னலைப் பார்த்தபடி இருந்து பகல் வெளிச்சத்தில் எடுங்கள். யன்னல் முதுகுக்குப் பின்னால் வந்தால் முகம் கறுத்துவிடும். பின்புறம் வெறும் சுவர். சட்டகம் நெஞ்சிலிருந்து தலைக்குச் சற்று மேல் வரை.

எதிர்ப்பாத்திரத்தின் வசனத்தை வாசிப்பவர் போனுக்கு ஒட்டினாற்போல் நிற்கட்டும், உங்கள் பார்வை அவரிடம் இருக்கட்டும். லென்சைப் பார்க்க வேண்டியது அறிமுகத்தில் மட்டும். வாசிப்பவர் உங்களை விடச் சத்தமாகப் பேசக்கூடாது, அவர்தான் மைக்குக்குக் கிட்ட நிற்கிறார். மின்விசிறியை நிறுத்துங்கள். ஆனி, ஆடியில் கச்சான் காற்று வீசும் பிற்பகலில் வெளியே எடுத்தால் இரைச்சல் தவிர வேறொன்றும் பதியாது. சத்தம் கெட்ட வீடியோவை முழுதாகப் பார்க்க யாருக்கும் பொறுமை இருக்காது. படம் கொஞ்சம் சுமாராக இருந்தால் மன்னிப்பார்கள்.

அறிமுகம் இருபது விநாடி: பெயர், ஊர், உயரம், மொழி. இரண்டு பக்க முகமும் காட்டித் திரும்புங்கள். பிறகு காட்சி, ஒன்றிலிருந்து இரண்டு நிமிடம். இரண்டு விதமாகச் செய்து அனுப்பலாம், ஐந்து விதமாக வேண்டாம். கோப்பின் பெயரில் உங்கள் பெயரும் பாத்திரப் பெயரும் இருக்கட்டும்.

படி 6: உள்ளூரில் மூன்று குறும்படம்

மட்டக்களப்பிலும் கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கமும் குறும்படம் எடுக்கும் இளைஞர்கள் இருக்கிறார்கள். கலியாண வீடியோ எடுப்பவர்களில் பலரிடம் நல்ல கமெராவும் இருக்கிறது. சம்பளம் இல்லாவிட்டாலும் மூன்று குறும்படத்தில் நடியுங்கள், ஆனால் ஒரு நிபந்தனையோடு: படம் முடிந்ததும் உங்கள் காட்சிகளின் பிரதி தர வேண்டும் என்பதை முதலே வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிவிடுங்கள். முடிந்த பிறகு கேட்டால் கிடைப்பது அரிது. அந்தத் துண்டுகளிலிருந்து 60 முதல் 90 விநாடிக்கு ஒரு தொகுப்பு செய்யலாம். முதல் பத்து விநாடியில் உங்கள் முகம் வர வேண்டும். பெயர்ப்பலகை, பாட்டு, கடற்கரைக் காட்சி எல்லாம் முன்னால் போட்டால் முகம் வருமுன் மூடிவிடுவார்கள்.

படி 7: படப்பிடிப்புத் தளம்

நிலத்தில் ஒட்டிய நாடாதான் உங்கள் நிறுத்தக்கோடு. கிட்டக் காட்சியில் குவியம் (ஃபோகஸ்) தெளிவாக இருக்கும் ஆழம் சில சென்ரிமீட்டர்தான். அரை அடி தள்ளி நின்றால் நல்ல நடிப்பும் மங்கலாகப் பதியும். கீழே பார்க்காமல் அந்த இடத்தில் நிற்க, நாடாவில் நின்றுகொண்டு பின்னோக்கி அடி எண்ணி நடந்து, தொடங்கும் இடத்தைப் பிடியுங்கள். நீளம் பாய்கிறவர்களுக்கு இது புதிதல்ல, ஓடுபாதையில் அடி அளப்பதும் இதே வேலைதான்.

ஒரே காட்சி தூரத்திலிருந்தும் கிட்டவிருந்தும் பல தரம் எடுக்கப்படும். தேநீர்க் கோப்பையை எந்தச் சொல்லில், எந்தக் கையால் எடுத்தீர்களோ அதே சொல்லில் அதே கையால் ஒவ்வொரு தரமும் எடுக்க வேண்டும். தூரக் காட்சியிலேயே அழுகை முழுவதையும் செலவழித்தால், முகத்தருகே கமெரா வரும்போது ஒன்றும் மிஞ்சாது.

வீரர்கள் வழக்கமாக விடும் பிழைகள் இரண்டு. தவறியதும் தாங்களே நிறுத்திவிடுவார்கள். அல்லது முடிந்தவுடன் பயிற்றுநரைப் பார்க்கும் பழக்கத்தில் இயக்குநரை, அவர் பக்கத்தில் இருக்கும் கமெராவைப் பார்த்துவிடுவார்கள். "கட்" என்ற சொல் காதில் விழும் வரைக்கும் பாத்திரத்திலேயே நில்லுங்கள். தவறிய தருணத்திலிருந்தும் சில சமயம் நல்ல துண்டு கிடைக்கும்.

காத்திருப்பு நீளம். காலை ஆறு மணிக்கு வந்தவருக்குப் பிற்பகல் மூன்று மணிக்குத்தான் முறை வரலாம். மூன்று மணித்தியாலம் கதிரையில் இருந்துவிட்டு "ஓடு" என்றதும் முழு வேகத்தில் ஓடினால் பின்தொடைத் தசை கிழியலாம். உங்கள் காட்சிக்கு முன் பத்து நிமிடம் கேட்டு வாங்குங்கள்: நடை, மெல்லோட்டம், கால் வீச்சு, இரண்டு மூன்று வேக எடுப்பு. கேட்க வெட்கப்பட வேண்டியதில்லை. காயப்பட்டால் படப்பிடிப்பே நின்றுவிடும், அது அவர்களுக்கும் நட்டம்.

சண்டைக் காட்சிக்குத் தனி எச்சரிக்கை வேண்டும். குத்துச்சண்டை, கராத்தே, கபடி பழகியவர்கள்தான் சக நடிகரைக் காயப்படுத்துவது அதிகம், ஏனென்றால் கை தானாக இலக்கைத் தேடிப் போகிறது. திரைச் சண்டையில் கை முகத்திலிருந்து குறைந்தது ஒரு சாண் தள்ளித்தான் போக வேண்டும். கமெரா ஒருவரின் தோளுக்குப் பின்னால் நிற்கும்போது கையும் முகமும் ஒரே நேர்கோட்டில் வந்து அந்த இடைவெளி மறைந்துவிடும். பக்கவாட்டில் நின்றால் இடைவெளி அப்படியே தெரியும். அடிக்குமுன் இருவரும் கண்ணால் பார்த்துக்கொள்வது கட்டாயம். அடியை நம்பவைப்பது அடிப்பவரின் கையை விட வாங்குபவரின் தலை திரும்பும் நேரம்தான். அதனால் முதலில் அடி வாங்கப் பழகுங்கள். பாதி வேகத்தில் பத்துத் தரம், பிறகு முக்கால் வேகம். முழு வேகம் தேவைப்படுவது அரிது.

விளையாட்டுக் காட்சியிலும் இதே கதைதான். நிஜ வேகத்தில் அடித்த பந்தைக் கமெராவால் பின்தொடர முடியாது, நீங்களும் சட்டகத்துக்கு வெளியே போய்விடுவீர்கள். கரப்பந்தைத் தாவி அறையும் ஒரு ஸ்பைக் காட்சிக்குப் பதினைந்து தாவல் கேட்கலாம். தோள் தாங்கும் எண்ணிக்கையைக் காலையிலேயே சண்டைப் பயிற்றுநரிடம் சொல்லுங்கள், ஒத்திகையைத் தாவாமல் நடந்து செய்யுங்கள்.

படி 8: உடல், உணவு

பயிற்சியைக் குறைத்த முதல் ஆறு மாதத்தில் வீரர்கள் பருத்துவிடுவது சாதாரணம். உடல் செலவழிக்கும் சக்தி குறைகிறது, சோற்றின் அளவு குறைவதில்லை. படப்பிடிப்பு நடக்கும் காலம் முழுக்க எடை இரண்டு கிலோவுக்கு மேல் ஏறவோ இறங்கவோ விடக்கூடாது. காட்சிகள் வரிசையாக எடுக்கப்படுவதில்லை. கதவைத் திறக்கும் காட்சி சித்திரையிலும், உள்ளே நுழையும் காட்சி ஆவணியிலும் எடுக்கப்படலாம். நெஞ்சை முன்தள்ளி, கையை உடலிலிருந்து விலக்கி நிற்கும் பழக்கத்தையும் விடுங்கள். கடைக்காரராக, எழுதுவினைஞராக நடிக்க வரும்போது அந்த நிலை பொய்யாகத் தெரியும்.

படி 9: காசு, கையெழுத்து, ஏமாற்று

நடிக்க வாய்ப்புத் தருகிறவர் உங்களிடம் காசு கேட்க மாட்டார். "பதிவுக் கட்டணம்", "போட்டோஷூட் பொதி", "இந்தியப் படத்துக்கு முற்பணம்" என்று எந்தப் பெயரில் கேட்டாலும் அதோடு நிறுத்திவிடுங்கள். கடவுச்சீட்டின் மூலப்பிரதியை யாரிடமும் ஒப்படைக்க வேண்டாம். தேர்வு ஹோட்டல் அறையில், இரவில், தனியே வரச் சொல்லி அழைத்தால் போக வேண்டாம். இது பெண்களுக்கு மட்டுமான அறிவுரை இல்லை. வீராங்கனைகள் வீட்டார் ஒருவரையோ தோழியையோ கூட்டிச் செல்வதைக் குறைவாக நினைப்பவரோடு வேலை செய்யத் தேவையில்லை.

கையெழுத்துப் போடுமுன் தாளில் இருக்க வேண்டியவை: எத்தனை நாள், நாளுக்கு எவ்வளவு, முற்பணம் எவ்வளவு, மிச்சம் எப்போது, டப்பிங்குக்குத் தனிச் சம்பளம் உண்டா, மட்டக்களப்பிலிருந்து போக்குவரத்தும் தங்குமிடமும் யார் செலவு, காயப்பட்டால் வைத்தியச் செலவு யாருடையது, நாள் கூடினால் என்ன கணக்கு. காயத்தைப் பற்றிய வரி இல்லாத தாளில் சண்டைக் காட்சிக்குக் கையெழுத்திடாதீர்கள்.

சென்னைக்குப் போக நினைப்பவர்கள் சுற்றுலா விசாவில் சம்பளத்துக்கு நடிக்க முடியாது. படத்தயாரிப்பு நிறுவனத்தின் கடிதத்தோடு உரிய விசா எடுக்க வேண்டும். அங்கே சண்டைக் கலைஞர்களுக்குத் தனிச் சங்கம் இருக்கிறது, "எனக்குச் சண்டை தெரியும்" என்று நேரே போய் அந்த வேலையில் சேர முடியாது. அதனால் கொழும்பிலிருந்து தொடங்குவதே பெரும்பாலானவர்களுக்குப் பொருத்தம். நேத்ரா, வசந்தம், சக்தி ஆகிய தொலைக்காட்சி அலைவரிசைகளில் தமிழ் நிகழ்ச்சிகள் உண்டு. விளையாட்டு நிகழ்ச்சி தொகுத்தல், போட்டி வர்ணனை, விளையாட்டுக் காட்சிகளுக்கு நடிகர்களைப் பழக்கும் ஆலோசகர் வேலை ஆகியவையும் உள்ளே போகும் வாசல்கள்தான். இந்த வேலைகளில் கமெரா பழகும், இயக்குநர்களின் முகம் பழகும், இடையில் கொஞ்சம் காசும் வரும். பயிற்றுநர் சான்றிதழ் இருந்தால் அதைப் புதுப்பித்து வைத்திருங்கள். நடிப்பு வேலை இல்லாத மாதங்களில் பாடசாலை அணியொன்றைப் பழக்கி வருமானம் பார்க்கலாம், உடலும் அடுத்த அழைப்புக்குத் தயாராக இருக்கும்.